சம்மந்தி ஊட்டுக் காவல்

இல்லீங்க தம்பி, பை எம்மடியிலயே இருக்கட்டுமுங்க. மேல வெச்சா கவுந்துரும், கீழ வெச்சா எவனாச்சும் மிதிச்சுப்போடுவான். வேறொண்ணுமில்லீங்க, மைசூர்பா. எங்கூட்டுக்காரி கட்டிக் குடுத்துப்போட்டா. "சம்மந்திகிட்டக் குடுங்க"ன்னா. நான் சம்மந்தியப் பாக்கறதுக்குன்னே போவலீங்க. கோபியில கோழித் தீவனக்காரர் ஒருத்தரைப் பாக்கோணும். போற வழியில சம்மந்தி ஊடு இருக்குது, அப்படியே ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டு வந்தர்லாம்னு, அவ்வளவுதான். நீங்க எது வரைக்கும் போறீங்க? கோபியா? நல்லதாப் போச்சு. திருப்பூர்ல ஏறுனதுல இருந்து இந்தப் பஸ்ஸுல ஒருத்தரும் வாயே தொறக்கலை, எல்லாரும் போனைத் தடவிட்டே வர்றாங்க.

பையன் ஊட்டுக்காரன் பொண்ணு ஊட்டுக்குக் கூப்பிடாமப் போறது எங்க பக்கம் வழக்கமில்லீங்க. அவுங்க வந்து மொறையாக் கூப்பிட்டாத்தான் போறது. போனாலும், உக்காருங்க உக்காருங்கன்னு அவுங்க நாலு தடவை சொன்னதுக்கப்புறம் உக்காருறது. ஏன் சிரிக்கறீங்க? உங்க ஊட்டுலயும் அப்படித்தானுங்களே? பொறவென்ன.

நீங்க கம்ப்யூட்டர் வேலைங்களா? அந்தப் பையைப் பாத்தாலே தெரியுது. அப்ப இந்தக் கட்டை அடுக்கற கேம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமுங்க. எல்லாமே சதுரம் சதுரமா இருக்கும். மரமும் சதுரம், மாடும் சதுரம், சூரியனும் சதுரம். மண்ணை வெட்டி, கல்லை வெட்டி, ஊடு கட்டிக் குடியிருக்கறது. தெரியுமுங்களா? சின்ன வயசுல வெளையாண்டீங்களா! நான் இப்பத்தானுங்க ஆரம்பிச்சிருக்கறேன், பேரன் எடுக்கற வயசுல. சிரிக்கோணும்னா நல்லாச் சிரிச்சுக்குங்க. எங்கூட்டுக்காரி சிரிக்காத சிரிப்பா?

என்ற பேரு நாச்சிமுத்துங்க. பல்லடத்துக்கு அக்கட்டால கோழிப்பண்ணை. ஒரே பையன், நவநீதன், டென்மார்க்குல இருக்கறான். மருமவ மோகனப்பிரியா, கோபிப் புள்ளை. அதோட அப்பாதான் நம்ம சம்மந்தி, சென்னியப்பன். பள்ளிக்கூடத்துல டிராயிங் வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவரு. நெம்பத் தங்கமான மனுசனுங்க. நான் எதைச் சொன்னாலும் "சரிங்க சம்மந்தி"ம்பாரு. கல்யாணத்துக்கு மண்டபம் எது, சமையக்காரன் யாரு, பொண்ணழைப்பு எத்தனை மணிக்கு, எல்லாத்துக்கும் "சரிங்க சம்மந்தி". மறுபேச்சுன்னு ஒண்ணு கெடையாது. எங்களுக்குள்ள இன்னைக்கு வரைக்கும் ஒரு மனத்தாங்கல் வந்ததில்லைன்னா பாத்துக்குங்களே. ரெண்டு பேரும் எல்லாத்துலயும் ஒரே மாதிரி நெனைக்கறவங்க.

சம்மந்தியம்மா போன வருசத்துக்கு முந்தின வருசம் தவறிப்போச்சுங்க. அதுக்கப்புறம் மனுசன் அந்த ஊட்டுல ஒண்டியாத்தான் இருக்கறாரு. மருமவ டென்மார்க்குல இருந்து போன் பண்ணுனா, "சாப்ட்டேன் கண்ணு, நல்லாருக்கறேன் கண்ணு, வெச்சரட்டா கண்ணு", அவ்வளவுதான், வெச்சுருவாரு. அந்தப் புள்ளை என்ன பண்ணும்? இங்க வாங்கப்பான்னா குளிரு ஆவாதுங்கறாரு. எங்கூட்டுல வந்து கொஞ்ச நாள் இருங்கன்னு நானும் சொன்னனுங்க. "சரிங்க சம்மந்தி"ன்னாரு. வரலை.

அப்பத்தான் மருமவ இந்த ரோசனையைப் புடிச்சா. ரெண்டு ஊட்டுக்கும் ஆளுக்கொரு டேப்லெட் வாங்கி அனுப்பிச்சு, அந்தக் கேம்முக்குள்ள எங்களுக்குன்னு ஒரு உலகத்தை உண்டாக்கி வெச்சு, "அப்பா, நீங்க இதுல ஒரு ஊடு கட்டுங்க, ஞாயித்துக்கெழமையானா நாங்க வந்து பாக்கறோம்"னுட்டா. அப்புறம் எனக்குத் தனியாப் போன் பண்ணி, "மாமா, ஒண்டியா இருந்தா அப்பா ரெண்டு நாள்ல விட்டுருவாரு. நீங்களும் தெனமும் கொஞ்ச நேரம் போங்க மாமா"ன்னா. "எனக்கு ஆயிரம் வேலை கெடக்குது கண்ணு, நீ சொல்றதுக்காவ வர்றேன்"னேன். எனக்கு ஒரு வேலையும் இல்லீங்க. கோழிச் செட்டை ஆளுக பாத்துக்கறாங்க. ஆனா அப்படித்தான சொல்லோணும்?

மத்தியானம் சோறு தின்னுட்டு, போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, ரெண்டு பேரும் உள்ள போயிருவோம். அங்க பொழுது நம்ம பொழுது மாதிரி இல்லீங்களே. ஒரு டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள இருட்டிரும். இருட்டுனா அவனுக வந்துருவானுக. உங்களுக்குத் தெரியுமில்ல? கையை நீட்டிக்கிட்டு வர்ற பொணம் ஒருத்தன். வில்லு வெச்சுக்கிட்டு எலும்பன் ஒருத்தன். எல்லாத்துலயும் மோசம் அந்தப் பச்சையன்தானுங்க. சத்தமே போடாமப் பொறகால வந்து நின்னு "உஸ்ஸு"ம்பான், வெடிச்சுருவான். நாமளும் போயி, ஊடும் போயிரும்.

மொத நாள் சம்மந்தி ஒரு குடிசை மாதிரி கட்டி முடிச்சாரு. இருட்டிருச்சு. ரெண்டு பேரும் வாசல்ல நிக்கறோம். "உள்ள போங்க சம்மந்தி"ங்கறாரு. "நீங்க போங்க, உங்கூடு"ங்கறேன் நான். "அதெப்படிங்க, நீங்க மொதல்ல போங்க"ங்கறாரு. "பரவாயில்லீங்க, நீங்க போங்க"ங்கறேன். பையன் ஊட்டுக்காரன் வெளிய நிக்கறப்ப அவரு எப்படி உள்ள போவாரு? ஊட்டுக்கு ஒடமஸ்தன் வெளிய நிக்கறப்ப நான் எப்படிப் போவேன்? இப்படியே பேசிட்டு நிக்கறப்ப பொறகால "உஸ்ஸு"ன்னுது. அவ்வளவுதானுங்க, ரெண்டு பேரும் குளோஸ். குடிசையும் போச்சு.

போன்ல அந்தப் பக்கம் ஒரு மாதிரி சத்தம் வந்துது. ஐயையோ, ஊடு போச்சேன்னு மனுசன் அழுவறாருன்னு நெனச்சுப் பயந்தே போயிட்டனுங்க. பாத்தாச் சிரிக்கறாரு! மூச்சு முட்டச் சிரிக்கறாரு. "ரெண்டு பேருமே வெளியவே நின்னு செத்துட்டமுங்களே சம்மந்தி"ங்கறாரு. அன்னைக்கு ராத்திரி மருமவ மெசேஜ் அனுப்பிச்சா. அப்பா எனக்குப் போன் பண்ணி இந்தக் கதையை முழுசாச் சொன்னாரு மாமா, ஒரு தடவை கூட வெச்சரட்டான்னு கேக்கலைன்னு.

தூங்கறதுலயும் அதே அக்கப்போருதானுங்க. அந்த ராத்திரியைத் தாட்டி விடோணும்னா உள்ள இருக்கற எல்லாரும் ஒட்டுக்காப் படுக்கோணும். கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு "நீங்க படுங்க சம்மந்தி", "இல்லீங்க, நீங்க மொதல்ல"ன்னு அங்க பாதி ராத்திரி போயிரும். எங்கூட்டுக்காரி சமையக்கட்டுல இருந்து கேட்டுட்டு, "ஏனுங்க, இதுக்கு ஒரு புரோகிதரை வெச்சு நேரங்குறிச்சுப் படுங்களே"ம்பா. அவளுக்குக் குசும்பு சாஸ்தி.

ஆனா அதெல்லாம் நல்ல நாளுங்க. இருட்டுனாப் போதும், போன்ல சம்மந்தி சத்தம் போடுவாரு. "சம்மந்தி! வந்துட்டானுங்க! சன்னல் வழியா எட்டிப் பாக்கறானுங்க! ஓடியாங்க!" நான் கத்தியைத் தூக்கிட்டு ஓடுவேன். கல்யாணத்துல கூட அந்த மனுசன் எங்கிட்ட அவ்வளவு சத்தமாப் பேசுனதில்லை. ஒரு நாள் நான் மும்முரமா மண்ணு வெட்டிட்டு இருக்கறப்ப, "யோவ் நாச்சிமுத்து, பொறகால பாருய்யா!"ன்னு கத்திப்போட்டாரு. அப்புறம், "மன்னிச்சுக்குங்க சம்மந்தி, வாய் தவறிருச்சு"ன்னாரு. "பரவாயில்லீங்க"ன்னு பெருந்தன்மையாச் சொன்னனுங்க. என்னமோ தெரியலை, அன்னைக்குப் பூராம் எனக்குச் சந்தோசமாவே இருந்துது.

ஆனா பாருங்க, என்னால ஒரு வேலையை அரைகுறையா விட முடியாது. ஒருத்தர் ஊட்டுக்குள்ள தெனமும் ஒருத்தன் பூந்தான்னா, அதைப் பாத்துட்டுச் சும்மா இருக்கறதுக்கு நான் என்ன ஆளு? அதும் நம்ம சம்மந்தி ஊடு. பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன், "ஏன்டா, இவனுக எங்கிருந்துடா வர்றானுக? வேலி போட்டாலும் வர்றானுகளே?" "அவங்க எங்கிருந்தும் வர்றதில்லப்பா, இருட்டா இருக்கற தரையில தானாப் பொறக்கறாங்க, வெளிச்சம் பட்ட எடத்துல பொறக்க மாட்டாங்க"ன்னான். அட, இவ்வளவுதானா! கோழிச் செட்டுல மூலைக்கு மூலை பல்பு போட்டு வளந்த கையிங்க இது. இருட்டு எங்க ஒதுங்கும்னு எனக்கா தெரியாது?

என்னங்க? செட்டிங்ல போயி ஒண்ணைத் தட்டி விட்டா அவனுக வரவே மாட்டானுகளா? தெரியுமுங்க, பையனும் சொன்னான். வேண்டாம்னுட்டேன். எதிரியே இல்லாத ஊர்ல ரெண்டு ஆம்பளைக உக்காந்து என்ன பண்றது, சொல்லுங்க பாக்கலாம்? நாமளாப் பாடுபட்டு வராமப் பண்ணோணும். அதுதான் கெத்து.

ஆரம்பிச்சேன். கரியும் குச்சியும் சேத்துத் தீப்பந்தம் பண்றது. வாசல்ல, பொறவாசல்ல, கெணத்து மேட்டுல, கொளத்தைச் சுத்தி, எங்க பாத்தாலும் பந்தம் நட்டேன். கூரை மேலயும் பொறக்கறானுக, தெரியுமுங்களா? கூரை மேலயும் நட்டேன். பக்கத்துல ஒரு குகை, அதுக்குள்ள பூந்து கடைசி வரைக்கும் நட்டுட்டு வந்தேன். சம்மந்தி கூடவே வருவாரு. அவரு அந்தக் குடிசையை விட்டுட்டு நெம்ப அழகா ஒரு மர ஊடு கட்டியிருந்தாருங்க. வாத்தியாரு பாருங்க, சன்னலு, கதவு, முன்னால ஒரு மரம், எல்லாம் படம் வரைஞ்ச மாதிரி இருக்கும். உள்ளதான் கொஞ்சம் மங்கல். அங்கயும் மூலைக்கு மூலை நட்டு விட்டேன். நின்னு சுத்திப் பாத்துட்டு, "கல்யாண மண்டபமாட்ட இருக்குதுங்க சம்மந்தி"ன்னாரு. மனசு விட்டுப் பாராட்டறது அவருக்கு ஒரு கொணம்.

அதுக்கப்புறம் ஒருத்தன் வரோணுமே! ஒரு பய வரலீங்க. இருட்டும், விடியும், மறுபடி இருட்டும், நாங்க ரெண்டு பேரும் வெளிச்சத்துல நின்னுட்டு இருப்போம். "ஒருத்தனையும் காணமுங்க சம்மந்தி"ம்பாரு. "எப்படி வருவான்?"ம்பேன். "சரிங்க சம்மந்தி"ம்பாரு. பொறகு ரெண்டு பேரும் பேசாம இருப்போம். அவரு செடி வெப்பாரு, நான் எங்கியாச்சும் இருட்டு மிச்சமிருக்குதான்னு சுத்திட்டு வருவேன். எங்கூட்டுக்காரி, "என்ன, இன்னைக்கு ரெண்டு பேரும் சத்தமே காணம், சண்டையா?"ன்னா. "சண்டை எதுக்கு? ஊரு அமைதியா இருக்குது, அதான்"னேன். மொதல்ல அவரு மத்தியானம் வரைக்கும் பொறுக்க மாட்டாம, "என்னங்க சம்மந்தி, சாப்பிட்டாச்சுங்களா, வர்றீங்களா?"ன்னு போன் பண்ணுவாரு. போவப் போவ நான்தான் பண்ண வேண்டியிருந்துது. ஊடு பத்திரமாயிருச்சு, மனுசனுக்கு நிம்மதி வந்துருச்சு, அதான் தேடலைன்னு நெனச்சேன்.

அப்புறம்தான் இந்த ஜமுக்காளம் வந்துது.

பையன் ஒரு நாள் பேச்சுவாக்குல சொன்னான், "அப்பா, தரையில விரிப்பு போட்டா அது மேலயும் பொறக்க மாட்டாங்க, பந்தமே தேவையில்லை"ன்னு. இதை மொதல்லயே சொல்றதுக்கென்னடா கெரகமேன்னு திட்டிப்போட்டேன். ஏன்னா சம்மந்தி ஊட்டுக்குள்ள நடக்கவே எடமில்லாம பந்தமா நட்டு வெச்சிருக்குது, கோயில்ல தீக்குண்டம் எறங்கற மாதிரி தாண்டித் தாண்டிப் போறாரு மனுசன். பாக்க எனக்கே சங்கட்டமா இருந்துது. சரி, அவருக்கு ஒரு நல்லது பண்ணுவோம்னு தோணுச்சுங்க. ஆட்டைத் தேடிப் புடிச்சுப் புடிச்சு மயிரு கத்திரிச்சு, சாயம் ஏத்தி, செவப்பும் பச்சையுமாப் பட்டை பட்டையா, அசல் பவானி ஜமுக்காளமாட்டவே பண்ணி வெச்சேன். அவருக்குத் தெரியாமச் செஞ்சு ஒரு நாள் அசத்திப்போடலாம்னு.

அதுக்குத் தோதா அவரும் ஊர்ல இல்லை. பவானி கூடுதுறைக்குப் போயிருந்தாரு. சம்மந்தியம்மாவுக்குத் திதி. திதி முடிச்சுட்டுச் சொந்தக்காரங்க ஊட்டுல ராத்தங்கி வருவேன்னு சொல்லியிருந்தாரு. நல்ல சமயம்னு உள்ள பூந்தேன். இந்தச் செவுத்துல இருந்து அந்தச் செவுரு வரைக்கும், ஒரு கட்டை விடாம விரிச்சேன். இருந்த பந்தம் அத்தனையும் புடுங்கி, வாசல்ல ஒரு பெட்டியில பதனமா அடுக்கி வெச்சேன். வீசியெல்லாம் எறியலீங்க, அடுக்கித்தான் வெச்சேன். இதை எங்கூட்டுக்காரிகிட்ட எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்கு ஏற மாட்டேங்குது.

ஊட்டுக்குப் பின்னால சின்ன ரூமு ஒண்ணு இருந்துதுங்க. அங்க எரிஞ்சது நான் போட்ட வெளிச்சமில்லை, அவரே வெச்சது. உள்ள ஒண்ணுமே கெடையாது. ஒரு தொட்டியில மஞ்சப்பூ, செவுத்துல ஒத்தைப் பந்தம், அவ்வளவுதான். சாமான் போடற ரூமுன்னு நெனச்சுக்கிட்டேன். வெளையாட்டு முடிஞ்சு போறப்பத் தெனமும் அங்க போயிச் செத்த நேரம் நின்னுட்டுத்தான் போவாரு. எதுக்குன்னு நான் கேக்கலை. மனுசனுக்கு ஆயிரம் பழக்கம். அந்த ரூமுலயும் விரிச்சேன். அந்தப் பந்தத்தையும் எடுத்தேன். ஒரு ரூமை மட்டும் விட்டா வேலை ஒழுங்கா இருக்காது பாருங்க.

மறுநாள் வந்தாரு. நான் கூடவே நடந்துக்கிட்டு, இப்படிச் செஞ்சிருக்கறேன், அப்படிச் செஞ்சிருக்கறேன்னு ஒவ்வொரு ரூமாக் காட்டறேன். நல்லாருக்குதுங்க, நல்லாருக்குதுங்கன்னுட்டே வந்தாரு. கடைசியா அந்தப் பின்னால ரூமுக்குள்ள போயி நின்னாரு. கும்மிருட்டு. பூத்தொட்டி கூடத் தெரியலை. ஆனா ஒருத்தன் பொறக்க முடியாது, அதையும் சொன்னேன். "எப்படிங்க சம்மந்தி நம்ம வேலை?"ன்னேன். போன்ல சத்தமே இல்லை. நெட்டு போயிருச்சாட்ட இருக்குதுன்னு டேப்லெட்டைத் தட்டிப் பாத்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "சரிங்க சம்மந்தி"ன்னாரு. வெளிய போயிட்டாரு.

அதுல இருந்து உள்ள வர்றதில்லீங்க.

ஏனுங்க தம்பி, நீங்களும் எங்கூட்டுக்காரி பாத்த மாதிரியே பாக்கறீங்க? அவகிட்ட இதைச் சொன்னப்ப, கையில இருந்த கரண்டியைக் கீழ வெச்சுப்போட்டா. "திதி குடுத்துட்டு வந்த மனுசன் ஊட்டுல இருந்த ஒத்தை வெளக்கையும் புடுங்கிப்போட்டு வந்தீங்களா?"ன்னா. "வெளக்கு இல்லடி, பந்தம்"னேன். "அந்தம்மா எந்நேரமும் தலையில என்ன பூ வெப்பாங்கன்னு ஞாபகமிருக்குதா?"ன்னா. எனக்கு எப்படி ஞாபகமிருக்கும்? சம்மந்தியம்மா தலையை நான் எதுக்குப் பாக்கறேன்? அப்புறம் கல்யாண ஆல்பத்தைக் கொண்டாந்து முன்னால போட்டா. எல்லாப் போட்டோவுலயும் மஞ்சச் செவந்திதானுங்க.

சரி, எனக்குத் தெரியாதுங்களே. அவரு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? இது இன்னாரு ரூமுங்க சம்மந்தி, இதைத் தொடாதீங்கன்னு. நான் என்ன புலியா, சிங்கமா? எதைச் சொன்னாலும் சரிங்க சரிங்கன்னா நான் எதைன்னு கண்டுக்கறது? இதை எங்கூட்டுக்காரிகிட்டச் சொன்னேன். "பொண்ணைக் குடுத்தவரு வேற என்னத்தைச் சொல்லுவாரு?"ன்னா. "நான் எப்பவாச்சும் அவரை மட்டு மரியாதை இல்லாம நடத்தியிருக்கறனா?"ன்னேன். "இல்லை, அவரைப் பேச உட்டிருக்கறீங்களா?"ன்னா. அவகிட்டப் பேச முடியாதுங்க.

அன்னைக்கே உள்ள போயி அந்தப் பந்தத்தைத் திரும்ப மாட்டி வெச்சுட்டேன். ஆனா வந்து பாத்தாத்தான அவருக்குத் தெரியும்? போன் பண்ணுனா எடுக்கறாரு. "வாங்க சம்மந்தி, ஒரு சுத்து போலாம்"னா, "டேப்லெட் சரியில்லீங்க சம்மந்தி"ங்கறாரு. பந்தத்தை மாட்டிட்டேன்னு சொல்லிப் பாக்கலாம்னு வாய் வரைக்கும் வருமுங்க. எப்படிச் சொல்றது? அதைச் சொன்னா, ஏன் எடுத்தன்னும் சொல்லோணுமே. "சரிங்க, பாத்துச் செய்யுங்க"ன்னு வெச்சுருவேன்.

நான் மட்டும் தெனமும் போயி நின்னுட்டு வர்றனுங்க. எங்க பாத்தாலும் வெளிச்சம். ஒரு பூச்சி பொட்டு இல்லை. நான் பண்ணுன வேலை, ஒரு கொறை சொல்ல முடியாது. ஆனா அங்க நிக்கவே எனக்குப் புடிக்கலை. ஒரு நாள் வேணும்னே வெளிச்சம் தாண்டி வெகு தூரம் போயி, ஒரு பச்சையனைக் கண்டுபுடிச்சு, அவன் முன்னால சும்மா நின்னேன். வெடிச்சான். செத்தேன். சிரிக்கறதுக்கு ஆளில்லை.

போன ஞாயித்துக்கெழமை மருமவ கூப்பிட்டா. "மாமா, அப்பா மறுபடியும் பழைய மாதிரியே ஆயிட்டாரு. சாப்ட்டேன் கண்ணு, வெச்சரட்டா கண்ணு. இந்த நாலு மாசமா எங்கப்பா எனக்குத் திரும்பக் கெடைச்சிருந்தாரு மாமா. என்ன ஆச்சுன்னு கேட்டாச் சொல்ல மாட்டேங்கறாரு. உங்களுக்குத் தெரியுமா?"ன்னா. "டேப்லெட் ரிப்பேரு கண்ணு"ன்னேன். "ஓ"ன்னா. அந்தப் புள்ளை அழுவுதுன்னு தெரிஞ்சுது, ஆனா சத்தம் வரலை. அவ அப்பன் மாதிரிதான் அவளும். எனக்கு ராவெல்லாம் தூக்கம் புடிக்கலீங்க.

அதான் கெளம்பிட்டேன். மன்னிப்புக் கேக்கறதுக்கெல்லாம் போவலீங்க, நான் என்ன தப்புப் பண்ணுனேன்? டேப்லெட்டுல என்ன ரிப்பேருன்னு பாத்துட்டு வர்லாம்னுதான். ஆமாங்க, தீவனக்காரரையும் பாக்கோணும். அவரு பேரா? அது... இருங்க, போன் அடிக்குது. பையைக் கொஞ்சம் புடிங்க.

அட, சம்மந்தி!

சொல்லுங்க சம்மந்தி. கேக்குதுங்க, கேக்குதுங்க, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. இல்லீங்க, பஸ்ஸுல இருக்கறேன், சும்மா ஒரு வேலையா. என்னங்க? யாரு வந்துட்டான்?

உள்ளயா இருக்கறீங்க? இப்பவா? டேப்லெட் சரியாப் போச்சுங்களா? சரி, சரி, அது கெடக்குது, சொல்லுங்க. பின்னால ரூமுலயா? பச்சையனா!

அங்க வர முடியாதுங்களே சம்மந்தி. ஜமுக்காளம் கெடக்குதுங்களா? கெடக்குது. பந்தம் எரியுதுங்களா? ம், எரியுது, நான்தான் மாட்டி... சரி, கதவு? சாத்தித்தான் இருந்துதா? அப்புறம் எப்படிங்க? வெளிச்சத்துலயும் பொறக்க மாட்டான், விரிப்பு மேலயும் பொறக்க மாட்டான், நாம பக்கத்துல நின்னாலும் பொறக்க மாட்டான். அது கேம்மோட சட்டமுங்க சம்மந்தி, யாராலயும் மாத்த முடியாது. நீங்க நல்லாப் பாத்தீங்களா? உங்க முன்னாலயே நிக்கறானா? வெடிக்கலையா? சும்மா பாத்துட்டே நிக்கறானா? எவ்வளவு நேரமா?

ம்.

இல்லீங்க, லைன்லதான் இருக்கறேன்.

ஆமாங்க சம்மந்தி. நீங்க சொல்றது சரிதானுங்க. என்ற தப்புத்தான். மூலையில எங்கியோ ஒரு கட்டையை விட்டுப்போட்டனாட்ட இருக்குது. ஆமாங்க, உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம அவசரத்துல பண்ணுன வேலைங்க, தப்பு வராம இருக்குமுங்களா? நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. அவனைத் தொடாதீங்க, நிக்கட்டும். நான் வந்தர்றேன். டேப்லெட்டுல இல்லீங்க, நேர்லயே. குன்னத்தூரு தாண்டியாச்சு. சரிங்க. சரிங்க சம்மந்தி.

விடலீங்க தம்பி. ஒரு கட்டை கூட விடலை. அந்த ரூமை மூலைக்கு மூலை நின்னு பாத்து விரிச்சவன் நான். அங்க ஒருத்தன் பொறக்கறதுக்கு வழியே இல்லை. அது அவருக்கும் தெரியுமுங்க.

ஏனுங்க கண்டக்டர்! இங்க பாருங்க, உங்களைத்தான்! டிரைவர்கிட்டச் சொல்லிக் கொஞ்சம் வெரசா ஓட்டச் சொல்லுங்க. எங்க சம்மந்தி ஊட்டுக்குள்ள ஒருத்தன் பூந்துட்டானாம்!